மெஷினுக்கு நிறம் தெரியாது

அத்தியாயம் 17

பென்சில் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. ஏன் வந்தாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடப்பதில்தான் ஆளுக்கு ஆள் போட்டி.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பென்சில் என்பது பட்டப்பெயர். காதில் எந்நேரமும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிபவள். உடம்பும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கணவன் குடிக்கிறவனில்லை, கை நீட்டுகிறவனில்லை. ஒரே ஒரு பழக்கம். பென்சிலை யார் எது கேட்டாலும் அவன்தான் பதில் சொல்வான்.

"அவளுக்கு டீ வேண்டாம்." "அவளுக்குக் கூட்டம் பிடிக்காது." "அவ இப்பல்லாம் வரையிறதே இல்லை."

கடைசியாகச் சொன்னதை நிஜமாக்குவதற்கோ என்னவோ, ஒருநாள் அவளுடைய வரைமேசையை மடக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டான். அன்றைக்குக் கிளம்பி வந்தவள்தான்.

அவளுடைய அம்மாவைத் தெருவே 'கடைக்காரம்மா' என்று கூப்பிடும். மகள் படியேறிய அன்றே அவர் ஊருக்குச் சொல்ல ஒரு கதையைத் தயார் செய்துவிட்டார். நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு ஒரு தடுப்பு கேட்டிருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு மேல் இரும்புத் தகட்டில் வெட்டிய மரம், அதை வரைந்து கொடுக்க மகள் வந்திருக்கிறாள் என்று. ஆர்டர் நிஜம்தான். பென்சில் மரம் வரைந்ததும் நிஜம்தான். மற்றதெல்லாம் கடைக்காரம்மாவின் கைவண்ணம். ஈரம் பூத்த சுவருக்கு முன்னால் அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டு, சுவர் சரியாகிவிட்டது என்று நம்புகிற ரகம் அவர்.

இன்று காலை அந்த அலமாரியைக் கொஞ்சம் அதிகமாகவே நகர்த்திவிட்டார்.

பென்சிலின் அண்ணி, அந்த வீட்டு மருமகள், டீயோடு கூடத்துக்குள் நுழைந்தபோது மாமியார் போனில் இருந்தார். குரலில் தேன் சொட்டியது. மறுமுனையில் மாப்பிள்ளை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

"ஆமாம் மாப்பிள்ளை, இன்னிக்கு வெட்டிட்டா வேலை முடிஞ்சிடும். அவளும் எப்ப கிளம்பலாம்னுதான் இருக்கா. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

மருமகள் நின்ற இடத்திலேயே நின்றாள். மாடிப்படியின் மேல்படியில் பென்சிலும் நின்றிருந்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரு நொடி சந்தித்துக்கொண்டன. பென்சில் திரும்பி மேலே போய்விட்டாள்.

"அத்தை, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? வேலைக்கு வந்தா, வேலை முடிஞ்சா போறா." கடைக்காரம்மா டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை போட்டியா இல்லையா?"

பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. முன்னால் கடைக்காரம்மாவின் மேசை. நடுவில் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அறை, அதில் கம்ப்யூட்டர்; அது மருமகளின் ராஜ்ஜியம். பின்கட்டில் லேசர் மெஷின். அதைப் பார்த்துக்கொள்வது அவள் கணவன், அதாவது பென்சிலின் அண்ணன்; தெருவுக்கு அவன் 'மெஷின்காரர்'. பெயர்ப் பலகை, ஜன்னல் கிராதி, கதவு எண் என்று எதைக் கொடுத்தாலும் வெட்டித் தருவார்கள். அந்த மெஷினைப் பற்றி அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் ஓய்வான். அவன் பேச்சில் மருமகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்ட ஒன்று உண்டு.

"மெஷினுக்கு நிறம் தெரியாது. கோடுதான் தெரியும். கோட்டைக் காட்டு, வெட்டும். அவ்வளவுதான் அதுக்கு அறிவு."

இந்த மரத்தில் அந்த அறிவுதான் ஆபத்து. பென்சில் அதை மை தொட்ட பிரஷ்ஷால் வரைந்திருந்தாள். காகிதத்தின் சொரசொரப்பில் மை படாமல் போன இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. கண்ணுக்கு அது அழகுதான், மரப்பட்டை மாதிரியே இருக்கும். ஆனால் ஸ்கேன் செய்து சாஃப்ட்வேரில் கோடாக மாற்றினால், புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. இலைகளுக்கு நடுவே அவள் வேண்டுமென்றே விட்ட இடைவெளியும் ஓட்டைதான், மை படாத புள்ளியும் ஓட்டைதான். எது வேண்டும், எது வேண்டாம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அப்படியே மெஷினுக்கு அனுப்பினால் மரத்துக்குப் பதில் சல்லடை கிடைக்கும்.

ஓட்டையை மூட ஒரு முறை இருக்கிறது. முதலில் கம்ப்யூட்டரில் மரத்தின் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப்போட வேண்டும். பிரித்தவுடன் திரையில் ஓட்டையே தெரியாது, எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். ஓட்டைகள் தனித்தனி வளையமாகக் கழன்று நிற்கும். வேண்டாத வளையங்களைப் பொறுக்கி அழித்துவிட்டு, வேண்டியவற்றை மரத்தோடு மறுபடி கோத்தால், அந்த ஓட்டைகள் மட்டும் திரும்பி வரும். பொறுமை பிடித்த வேலை. மருமகள் முதல் வாரமே இதை நாத்தனாருக்குக் காட்டிக் கொடுத்தாள். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இதை நானே முடிக்கிறேன். என் மரம்தானே."

நேற்று மாலை முடித்துவிட்டதாகச் சொன்னாள். திரையில் பார்த்தால் முடிந்துதான் இருந்தது. தண்டு கன்னங்கரேலென்று ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் நின்றது.

"என்னாச்சு? அனுப்பு. ஷீட்டை ஏத்தியாச்சு," என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"அனுப்புறேன், இருங்க."

மருமகளுக்கு ஒரு வழக்கம். எதையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை நிறத்தை அணைத்துவிட்டு, வெறும் கோட்டை மட்டும் பார்ப்பாள். மெஷின் பார்ப்பது போல. இன்றும் அந்தப் பொத்தானைத் தட்டினாள்.

மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரைக்குக் கிட்டே போனாள்.

தண்டு முழுக்க வட்டம் வட்டமாக, தவளை முட்டை போல. ஒரு ஓட்டைகூட மூடப்படவில்லை. ஒவ்வொரு ஓட்டையும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் அதே கறுப்பில் ஒரு வட்டத்தை வரைந்து ஒட்டியிருந்தது. கண்ணுக்கு மூடியது மாதிரி. மெஷினோ ஓட்டையையும் வெட்டும், அதைச் சுற்றியுள்ள ஒட்டு வட்டத்தையும் வெட்டும். தண்டு பொலபொலவென்று உதிர்ந்து மெஷினுக்கு அடியிலிருக்கும் தொட்டியில் விழும்.

தகடு இந்த ஒன்றுதான். இந்தக் கனத்தில் கடையில் வைத்திருப்பதில்லை, சொல்லி வரவழைத்தது. கெட்டுப்போனால் அடுத்தது வந்து சேர இரண்டு வாரமாவது பிடிக்கும்.

பாவம், புதுசு, குழம்பிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். இந்த வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. பிறகு திரையை இடப்பக்கம் நகர்த்தினாள்.

இடப்பக்கக் கிளைகள் சுத்தமாக இருந்தன. வேண்டாத வளையம் ஒன்றுகூட இல்லை. இலை இடைவெளி மட்டும், ஒவ்வொன்றும் வரைந்தது வரைந்தபடி. தெரிந்த கை செய்த வேலை. தண்டிலும் வலப்பக்கத்திலும்தான் ஒட்டு. பாதிவரை ஒழுங்காகச் செய்தவளுக்கு மீதிப் பாதியில் திடீரென்று மறந்துபோகுமா?

மருமகள் நாற்காலியில் சாய்ந்தாள். புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு எழுந்து போய், படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தாள்.

"பென்சில்! கொஞ்சம் கீழே வா."

பென்சில் வந்தாள். திரையில் கோடுகளைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இது தெரியாம செஞ்சதுன்னு சொல்லு, நம்பிடறேன்," என்றாள் மருமகள்.

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்து விரலில் உருட்டினாள். "தெரிஞ்சுதான் செஞ்சேன் அண்ணி."

"எதுக்கு?"

"ஷீட்டு கெட்டுப்போனா இன்னும் ரெண்டு வாரம் வேலை இருக்கும்ல."

"அதுக்கு?"

"வேலை இருக்கற வரைக்கும் நான் இங்க இருக்கலாம்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "அம்மா அப்படித்தானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா."

மருமகளுக்கு அதைக் கேட்டதும் அடக்கி வைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொந்த வீட்டுல ரெண்டு வாரம் இருக்க ஒரு ஷீட்டைப் பாழாக்கணுமா? உங்க அண்ணன்தான் மெஷினைச் சரியா பாக்கலைன்னு திட்டு வாங்கியிருப்பார், தெரியுமா? அவர் என்ன பாவம் பண்ணார்?"

"தெரியும். நேத்து ராத்திரி பூரா அதுதான் மனசுல. காலையில வந்து சொல்லிடலாம்னு இறங்கினேன். அம்மா போன்ல பேசிட்டிருந்தா. அப்படியே மேல போயிட்டேன்."

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மெஷின்காரர்தான். "மரம் முளைச்சு வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"அஞ்சு நிமிஷம்! ஒரு இடத்துல கோடு சரியில்லை," என்றாள் மருமகள்.

"நீ சொல்ற அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் போனான்.

மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்து அதை நாத்தனார் பக்கம் தள்ளினாள். "உக்காரு."

"நானா? நீங்களே செஞ்சிடுங்க அண்ணி. எல்லா ஒட்டையும் எடுத்துட்டு, முதல்லேருந்து..."

"எடுக்கவே வேண்டாம். ஓட்டை விளிம்பு துளிகூட வெளியே தெரியாம ஒட்டியிருக்க. கெடுக்கிற வேலையைக்கூட உனக்கு அரைகுறையா செய்யத் தெரியலை." மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மரம், ஒட்டு, எல்லாத்தையும் மொத்தமா பிடி. பிடிச்சிட்டியா? இப்ப இந்த மெனுவுல 'ஒன்னாக்கு'ன்னு அர்த்தம் வர்ற ஒன்னு இருக்கு பாரு. அதை அமுக்கினா ஒட்டு மரத்துக்குள்ள கரைஞ்சிடும். ஓட்டை நிஜமாவே மூடிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஒன்னு. அமுக்கிட்டா வேலை முடிஞ்சிடும். அப்புறம் சொல்லிக்க உனக்கு ஒரு சாக்கும் இருக்காது."

பென்சில் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மருமகளும் அவசரப்படுத்தவில்லை. அவளுக்கும் நாத்தனார் இங்கேயே இருக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, இந்த மூன்று வாரமாகத்தான் இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஆள் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. மாமியாரிடம் தானே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நினைத்தாள்.

"நான் அத்தைகிட்ட பேசட்டுமா?"

"வேண்டாம் அண்ணி." பென்சில் திரும்பிப் பார்த்தாள். "எனக்காகப் பேச ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவதா நீங்களும் வராதீங்க."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நியாயம்.

பென்சில் அமுக்கினாள். மருமகள் கோட்டுப் பார்வையைத் தட்டினாள். தவளை முட்டைகள் போய்விட்டன. தண்டு இரண்டே கோடாக, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நேராக ஏறியது. இரண்டு மூன்று இடத்தில் ஒட்டு இலையோரத்துக்கு வெளியே வழிந்து புடைத்துக்கொண்டு நின்றது. அதைப் பென்சிலே இழுத்துச் சரிசெய்தாள்.

"அனுப்பிட்டோம்!" என்று மருமகள் பின்கட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

வெட்டி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. மெஷின்காரர் மெஷின் பக்கத்தை விட்டு அசையவில்லை. தகட்டைத் தூக்கி நிறுத்தியபோது, இலை இடைவெளிகளில் கழன்ற துண்டுகள் கலகலவென்று தொட்டியில் விழுந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த ஜன்னல் வெளிச்சம் ஓட்டைகள் வழியாக வந்து தரையில் படுத்தது. தண்டின் நிழல் மட்டும் முழுசாக இருந்தது.

"பரவாயில்லையே! என் தங்கச்சிக்கு வேலை தெரியுது," என்றான் மெஷின்காரர். அவனுக்கு அதற்குமேல் பாராட்டத் தெரியாது. பென்சில் அசடு வழிந்தாள்.

வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும். குழந்தைகள் கை வைக்கிற இடம், விடக்கூடாது. அதைத் தேய்ப்பதற்குக் கையுறை மாட்டிக்கொண்டு கடைக்காரம்மாவே வந்து உட்கார்ந்தார். இந்த வேலையை அவர் யாரையும் நம்பி விடமாட்டார். தாயும் மகளும் மரத்தின் இரண்டு பக்கமும் அரத்தோடு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்கள். மருமகள் உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நல்லா வந்திருக்குடி. மாப்பிள்ளை பார்த்தா அசந்துடுவார்," என்றார் கடைக்காரம்மா.

"அம்மா, இந்த ஷீட்டை நான் கெடுக்கப் பார்த்தேன்."

அரம் நின்றது.

"என்னது?"

பென்சில் சொன்னாள். வட்டங்கள், ஒட்டு, இரண்டு வாரம், எல்லாவற்றையும். இலை ஓட்டைகள் வழியாக ஒருவர் முகம் மற்றவருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. ஒருவேளை அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"பைத்தியமாடி உனக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல விட்டியா நீ? நான் வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள, மரம் வரைய வந்திருக்கான்னு பக்கத்து வீட்டுக்குச் சொல்லிட்ட. இன்னிக்கு நான் கிளம்பறேன்னு அவருக்குச் சொல்லிட்ட. நான் என்ன நினைக்கிறேன்னு அங்க அவர் சொல்றார். இங்க நீ சொல்ற. எனக்கு வாய் எதுக்கும்மா இருக்கு?"

மெஷின்காரருக்குத் திடீரென்று பின்கட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. நழுவிவிட்டான். குடும்பத்தில் குரல் உயர்ந்தால் அந்த மனிதர் இருக்கிற இடம் தெரியாது.

கடைக்காரம்மா கையுறையைக் கழற்றித் தரையில் வைத்தார். எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனார். கையுறை போட்டிருந்த கைதான், அதில் அழுக்கு ஏது? ஆனாலும் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகமும் நனைந்திருந்தது. மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு, விட்ட இலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். மருமகள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெயில் இறங்குகிற நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளை எப்போதும் போலச் சட்டை கசங்காமல் இறங்கினான். உள்ளே வந்தவன் சுவரில் சாய்த்திருந்த மரத்தை ஏறிட்டுப் பார்த்தான். பென்சில் கதவுக்குப் பக்கத்தில், அவன் தாண்டி வந்த இடத்தில்தான் நின்றிருந்தாள். அவன் கவனிக்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் கடைக்காரம்மா. குரலில் காலையிலிருந்த தேன் இல்லை.

"வேலை முடிஞ்சிடுச்சு போல இருக்கே அத்தை. அவ ரெடியா? இருட்டறதுக்குள்ள கிளம்பிட்டா நல்லது. அவளுக்கு ராத்திரிப் பயணம் ஒத்துக்காது."

கடைக்காரம்மா வாயைத் திறந்தார். மருமகளுக்குத் திக்கென்றது. அந்த வாயில் எந்தச் சமயத்துக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். 'துணி எடுத்து வைக்கிறா, இதோ வந்துடுவா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அவளால் பார்க்க முடிந்தது.

"என்னைக் கேக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் கடைக்காரம்மா. "அவ உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கிறா. அவளையே கேளுங்க."

மாப்பிள்ளை திரும்பினான்.

"கிளம்பலாம்ல?" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே ஏதோ இடறியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டான். "வர்றியா?"

பென்சில் கையில் இன்னும் அரம் இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"வரலை."

ஒரே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை, கீழே பார்க்கவுமில்லை. பின்கட்டில் மெஷினின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சுவிடாமல் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். சரி என்பதற்கா, வேறு எதற்கா என்று தெரியவில்லை. கத்துவான் என்று மருமகள் எதிர்பார்த்தாள். அவன் திரும்பி வாசலுக்குப் போனான். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சரி, போகிறான், இதோடு முடிந்தது என்று நினைத்தாள். வண்டி கிளம்புகிற சத்தம் வரவில்லை.

திரும்பி வந்தபோது அவன் இரண்டு கையாலும் எதையோ கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். மடக்கிய மேசை. வரைமேசை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த தூசி துளிகூட இல்லாமல் துடைத்திருந்தது. மடக்குகிற இடத்தில் தேய்ந்துபோன பழைய திருகாணிகளுக்குப் பதிலாகப் புதியவை மாட்டியிருந்தன. கசங்காத அந்தச் சட்டை இப்போது கசங்கிவிட்டது.

வைக்க இடம் தெரியாமல் நடுக்கடையில் நின்றான். கடைக்காரம்மா எழுந்துவிட்டார். கை தானாக மாடியைக் காட்டப் பாதிவரை உயர்ந்தது. அதை மறு கையால் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டார்.

"இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

அவன் பார்த்தது மாமியாரை அல்ல.